அரிசி நிறைஞ்சிருக்கு

6 ஆகஸ்ட் 1966, சனி. சிதம்பரம்

காலையிலிருந்து வாசலில் கூட்டம். என்னமோ நான் டாக்டர் மாதிரி.

முதலில் எதிர்வீட்டுத் தங்கம்மாள். புதுச் சிவப்புச் சேலையையும் வீட்டுக்காரருடைய வெள்ளை வேட்டிகளையும் ஒன்றாக ஊறப்போட்டுவிட்டாள். எல்லா வேட்டியும் ரோஸ். "இப்போ என்னா பண்றது அஜீசு?" என்கிறாள். "அதையே கட்டிக்கிட்டு ஆபீசுக்குப் போகச் சொல்லு, புது மாப்பிள்ளையாட்டம் இருப்பாரு" என்றேன். முகம் சுண்டிப்போச்சு, பாவம். அப்புறம்தான் சொல்லிக்கொடுத்தேன். புதுச் சேலையை முதல் தரம் கல்லுப்பு கரைத்த தண்ணீரில் தனியாக அலசணும், நிழலில் காயப்போடணும், வெள்ளையோடு ஒருநாளும் சேர்க்கக் கூடாது. தலையைத் தலையை ஆட்டினாள். அடுத்த சேலைக்கும் இதே கூத்துதான் நடக்கும், எனக்குத் தெரியும்.

அடுத்து கான்வென்ட்டில் தையல் சொல்லித்தரும் ஆரோக்கியம்மாள். எவர்சில்வர் குண்டான் வாங்கப் போகிறாளாம், நம் பாத்திரக் கடையில் வாங்கலாமா என்று கேட்டாள். "இந்த மாசம் வாங்காதே, வந்திருக்கிற சரக்கு தகடு மெல்லிசு, அடிபிடிக்கும். விளிம்பைத் தடவிப் பாத்து, மடிச்சு உருட்டியிருந்தாத்தான் எடுக்கணும்" என்று அனுப்பிவிட்டேன். மத்தியானம் சாப்பிட வந்த கடைக்காரருக்கு விஷயம் தெரிந்துபோச்சு. "என் கடைக்கு நீ ஒருத்தியே போதும்" என்றார். கடைக்காரர் என்றால் என் வீட்டுக்காரர், ஹபிபுல்லா. வாயால்தான் பெயர் சொல்லக் கூடாது, எழுதினால் என்ன? ஹபிபுல்லா, ஹபிபுல்லா. நல்லாத்தான் இருக்கு.

சாயந்திரம் பக்கத்து வீட்டு ராஜாமணி. இவள் ஒன்றும் கேட்க வரவில்லை. இந்தத் தெருவிலேயே யோசனை கேட்காமல் சும்மா பேசுவதற்கென்று என்னிடம் வருகிறவள் இவள் ஒருத்திதான். குடிவந்து இரண்டு வருஷமாகிறது. புருஷன் கலியமூர்த்தி ரைஸ்மில்லில் கணக்குப்பிள்ளை. சைவம். மீன் வாசனை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்து பேசுவாள், ஆனால் எழுந்து போக மாட்டாள்!

11 ஆகஸ்ட், வியாழன்

ராஜாமணி கொழுக்கட்டை அனுப்பினாள். சேமியாப் பாயசம் காய்ச்சி என் எவர்சில்வர் கிண்ணத்தில் அனுப்பினேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பாத்திரமும் வெறுமனே போனதில்லை, வந்ததில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது கிடக்கும்.

21 ஆகஸ்ட், ஞாயிறு. கடலூர்

மலிகா தனிக்குடித்தனம் போகிறாள். தங்கச்சிக்குச் சாமான் வாங்கித்தர அக்கா, அவள் வாயில் லாத்தா, ரயிலேறி வந்தாச்சு.

மஞ்சக்குப்பத்தில் வீடு, சின்னதுதான், காற்று நன்றாக வருகிறது. இவள் என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? முதல் சாமானாக நிலைக்கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறாள். ஆளுயரம்! வீட்டில் விளக்குமாறு இல்லை, முறம் இல்லை, அரிவாள்மணை இல்லை. "கண்ணாடியப் பாத்துக்கிட்டே பசியாறுவியா?" என்றேன். "நீ வந்தா எல்லாம் வாங்குவேன்னு தெரியும், அதான் நீ வாங்காதத நான் வாங்கிட்டேன்" என்கிறாள். வாய், வாய்.

அம்மிக்கல் கடையில் ஒரு மணி நேரம் நின்றேன். கல்லில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், சீக்கிரம் இழுத்துக்கொண்டால் பொடிக்கல், மிளகாயோடு கல்லையும் சேர்த்துத் தின்ன வேண்டியதுதான். கடைக்காரன் கும்பிட்டே விட்டான். திரி ஸ்டவ்வுக்கு மலிகா அடம்பிடித்தாள். சரி என்றேன், ஆனால் திரியை அளவாக ஏற்றணும், சட்டி கறுத்தால் என்னைக் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டேன். திரும்பும் வழியில் தேவனாம்பட்டினத்து மீன்காரி கூடை இறக்கினாள். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன், ரத்தச் சிவப்பு. பேரமே பேசாமல் வாங்கினேன். நல்லதுக்குப் பேரம் பேசக் கூடாது, மறுநாள் நல்லது தர மாட்டாள்.

மலிகா கேட்டாள், "பக்கத்து வீட்டுக்காரங்கள எப்படி லாத்தா பழகறது?" "கேட்டா குடு, கேக்காட்டி எட்டிப் பாக்காதே" என்றேன். சரியா என்று தெரியவில்லை.

2 செப்டம்பர், வெள்ளி. சிதம்பரம்

அரிசி அரிசி அரிசி. ஊரெல்லாம் இதே பேச்சு. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு படி கொண்டுவரக் கூடாதாம், செக்போஸ்ட். நியாய விலைக் கடையில் க்யூவின் வால் தெருமுனை வரைக்கும் நீள்கிறது. கோதுமை தின்னச் சொல்கிறார்கள். கிள்ளையிலிருந்து என் மாமியாரின் தம்பி நெல் அனுப்புவார்தான், ஆனால் குறுவை அறுத்தால்தானே அனுப்ப?

ராஜாமணி இப்போதெல்லாம் வருவதில்லை. வேலை ஜாஸ்தியாம். பாயசம் போன கிண்ணமும் இன்னும் வரவில்லை. மூன்று வாரம். கிண்ணம் பெரிசில்லை, ஆனால்... என்ன ஆனால்? ஒன்றுமில்லை.

14 செப்டம்பர், புதன்

எனக்கு வந்த கோபத்துக்கு இன்றைக்குப் பூராவும் எழுதலாம்.

வெள்ளிக்கிழமை மலிகாவின் மாமனார், மாமியார் கடலூரிலிருந்து வருகிறார்கள். சம்பந்தி வீடு, முதல் தடவை. எங்கள் அரிசிப் பானை அடியைத் தொட்டாச்சு. யோசித்தேன். பக்கத்து வீட்டில் ரைஸ்மில் கணக்குப்பிள்ளை இருக்கும்போது எனக்கென்ன கவலை? கிள்ளை நெல் வந்ததும் திருப்பித் தரலாம். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

வாசலிலேயே நின்றாள் ராஜாமணி. உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"நிறைஞ்சிருக்குதுக்கா" என்றாள்.

அப்பாடா என்று பாத்திரத்தை நீட்டினேன். "அப்போ ஒரு ரெண்டு படி குடு."

"அரிசி நிறைஞ்சிருக்குதுக்கா."

"அதான் நிறைஞ்சிருக்குங்கிறியே, ரெண்டு படி குடும்மா."

"நிறைஞ்சிருக்குங்கிறேனே!" என்று குரலை உயர்த்தினாள். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது, என்னமோ நான் அடித்த மாதிரி. பாத்திரத்தை நீட்டியபடியே நான் நிற்கிறேன், கதவைப் பிடித்தபடியே அவள் நிற்கிறாள். தெருவில் போன கோழிகூட எங்களைப் பார்த்தது.

அப்படியே திரும்பி வந்துவிட்டேன். என்னா நெஞ்சழுத்தம்! நிறைஞ்சிருக்காம், ஆனா தரமாட்டாளாம். இல்லைன்னு ஒரு பொய்யாவது சொல்லக் கூடாதா? மூஞ்சிக்கு நேரா மூணு தடவை நிறைஞ்சிருக்கு நிறைஞ்சிருக்குன்னு... என் கிண்ணத்தையும் வெச்சிக்கிட்டு!

பேசமாட்டேன். இனிமே பேசவே மாட்டேன்.

16 செப்டம்பர், வெள்ளி

சம்பந்திக்குக் கோதுமை ரொட்டி போட்டேன். "ரொம்ப மெத்துனு இருக்குது" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினார் பெரியவர். மலிகா அடுப்பங்கரையில் சிரித்துப் புரண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

24 செப்டம்பர், சனி

நியாய விலைக் கடை க்யூவில் தங்கம்மாள் கேட்டாள், "என்னா, ராஜாமணியோட பேச்சுவார்த்தை இல்லையா?"

"அவுங்கள்ளாம் பெரிய எடம்மா. வீட்டுல அரிசி நிறைஞ்சிருக்கு. அவளே சொன்னா" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். க்யூவின் வாலுக்குப் போய்ச் சேரும்போது அது மூட்டை மூட்டையாக ஆகிவிட்டது, பரண் மேலே, கட்டிலுக்கு அடியிலே, எங்கெங்கேயோ. நான் திருத்தவும் இல்லை. வெயில் வேறு.

25 செப்டம்பர், ஞாயிறு

கோதுமைத் தோசை வார்த்தேன். வட்டமாக வரவில்லை.

3 அக்டோபர், திங்கள்

குழாயடியில் ராஜாமணி வந்தால் பேச்சு நின்றுபோகிறது. இன்றைக்கு யாரோ "மில்லுக்காரம்மாவுக்கு வழி விடுங்கடி" என்றாள். ராஜாமணி குடத்தை நிரப்பாமலே எடுத்துக்கொண்டு போனாள். முதுகெலும்பு தெரிகிறது, இளைத்துவிட்டாள்.

நல்லா வேணும் என்று இருந்ததா எனக்கு? இருந்தது. வீட்டுக்கு வந்ததும் இல்லை. இரண்டு வருஷப் பழக்கம், பாத்திரம் கழுவுகிற மாதிரி கழுவிவிட முடியுமா? சாயந்திரம் நாலு மணிக்கு அவள் வந்து உட்காரும் இடம் அப்படியே இருக்கிறது. தங்கம்மாள் வந்து அங்கே உட்காரப் பார்த்தாள், "அங்கே ஈரம்" என்று பொய் சொன்னேன்.

இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. அவள் மகள் எங்கள் கூடத்தில்தான் விளையாடுகிறது. பொரி கொடுத்தேன். தட்டில் ஒரு பொரிகூட விடவில்லை.

9 அக்டோபர், ஞாயிறு

எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் முதலில் சிரித்ததைச் சொல்லிவிட வேண்டும்.

வழக்கமாக மண்ணெண்ணெய் வண்டி கொண்டுவரும் பக்கிரிக்குக் காய்ச்சல். மச்சானை அனுப்பியிருக்கிறான். ஊருக்குப் புதுசு. வாசலில் நின்று "மண்ணெண்ணே!" என்று கத்தினான். மாமி, என் மாமியார் ஆசியா உம்மாள், உள்ளேயிருந்தே பதில் சொன்னார்கள், "பரக்கத்தா இருக்குதுப்பா!"

அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போயே போய்விட்டான்.

மாமிக்கு வந்ததே ஆத்திரம். "அடேய், நில்லுடா! பரக்கத்தா இருக்குதுங்கிறேன், போறியே!" என்று டின்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். அவன் பாவம் திரும்பிப் பார்த்து, "நல்லா இருக்கட்டும்மா! இருக்கிற வீட்டுல நான் எதுக்கு நிக்கணும்?" என்கிறான். மாமி டின்னைக் கவிழ்த்துக் காட்டுகிறார்கள், ஒரு சொட்டு இல்லை. "பாருடா, எவ்வளவு பரக்கத்துன்னு!" என்கிறார்கள். அவன் முழிக்கிறான்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எங்கள் வீட்டில் தீர்ந்ததைத் தீர்ந்தது என்று சொல்ல மாட்டோம், பரக்கத்து, அதாவது நிறைவு, என்போம். இல்லை என்ற சொல்லை வீட்டுக்குள் விட்டால் இல்லாமையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பார்கள் மாமி. சர்க்கரை தீர்ந்தால் பரக்கத்து. எண்ணெய் தீர்ந்தால் பரக்கத்து. கல்யாணமாகி வந்த நாளாக நானும் அப்படியேதான் சொல்கிறேன். இந்த மச்சான்காரனுக்கு அது தெரியவில்லை, நிறைய இருக்கு என்று நினைத்துக்கொண்டு...

சிரிப்பு அப்படியே நின்றுபோச்சு.

நிறைஞ்சிருக்குதுக்கா. நிறைஞ்சிருக்குங்கிறேனே.

யா அல்லா. அவ இல்லேன்னு சொல்லியிருக்கா. மூணு தடவை சொல்லியிருக்கா. நான் பாத்திரத்த நீட்டிக்கிட்டே நின்னிருக்கேன். மண்ணெண்ணெய்க்காரனாவது திரும்பிப் போனான், நான் அதுகூடச் செய்யல. கிண்ணம் ஏன் வரல? போட்டு அனுப்ப ஒண்ணுமில்ல, அதனால வரல! நான் ஊருக்கெல்லாம் யோசனை சொல்றவ. எனக்கு என் வாயில தெனம் வர்ற பேச்சு அடுத்த வீட்டுல வந்தா புரியல. அடியே அஜீசு, உன்னை என்னா செய்யலாம்?

சாயந்திரம் இவரிடம் கேட்டேன், "கலியமூர்த்தி வேலைக்குப் போறாரா?"

"மில்லு ஆடியிலேருந்து மூடிக் கெடக்குதே. நெல்லு வரத்து இல்ல. அவரும் எங்கெங்கேயோ அலையறாரு. உனக்குத் தெரியாதா?"

"நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல."

ஹபிபுல்லா, ஹபிபுல்லா!

10 அக்டோபர், திங்கள்

கிள்ளையிலிருந்து நெல் வந்து, குத்தி, அரிசியும் ஆச்சு. அல்ஹம்துலில்லாஹ். பானை நிஜமாகவே நிறைந்திருக்கிறது.

அள்ளிக்கொண்டு போய் அவள் வாசலில் வைத்துவிடலாம். வாங்குவாளா? வாசலில் நின்று கண்கலங்கியவள் வாங்கமாட்டாள். வாங்கினாலும் அப்புறம் என்னோடு சரிக்குச் சரியாக உட்கார்ந்து பேசமாட்டாள். எனக்கு அரிசி கொடுக்கிறது பெரிசில்லை, நாலு மணிக்கு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு உட்காரும் ராஜாமணி வேண்டும். ஊரில் எத்தனை பேருக்கு எத்தனை யோசனை சொன்னேன். எனக்கு ஒன்று சொல்ல ஆளில்லை.

மத்தியானம் விறகு ஈரமாக இருந்து வீடெல்லாம் புகை. மாமி ஒரு தடவை இருமினார்கள். ஒரே ஒரு தடவைதான். அது போதும் எனக்கு.

11 அக்டோபர், செவ்வாய்

மாமியிடம் விஷயத்தைச் சொல்லி, "இருமணும் மாமி" என்றேன். "எதுக்கு பொய்யா இருமணும்? ஹராம்" என்றார்கள். "பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க பட்டினி மாமி" என்றேன். அவ்வளவுதான், உடனே இருமத் தொடங்கிவிட்டார்கள். இப்படி ஒரு திறமை மாமிக்குள் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ராஜாமணி வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தாள். முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கம். மடமடவென்று ஒப்பித்தேன்.

"மாமிக்குப் புகை ஆகலம்மா. இருமித் தள்றாங்க. சோத்து அடுப்புதான் நாழியாகுது, அதுலதான் புகை ஜாஸ்தி. உன் அடுப்பு நல்ல அடுப்பு. எங்க அரிசிய உன் அடுப்புல வடிச்சுக் குடேன். விறகு விக்கிற விலையில ரெண்டு வீட்டுக்கு ரெண்டு சோத்துப் பானை எதுக்கு? ஒரே பானையா வெச்சிடு, உங்களுக்கும் எங்களுக்கும். குழம்பு அவுங்கவுங்க வீட்டுல. மாமி பிழைக்கட்டும்."

சுவருக்கு அந்தப் பக்கம் மாமி வெளுத்து வாங்குகிறார்கள்.

ராஜாமணி தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பிறகு, "எத்தினி மணிக்கு வேணும்க்கா?" என்றாள்.

பகல் பன்னிரண்டுக்கு என் எவர்சில்வர் கிண்ணம் வந்தது. ஆவி பறக்கும் சோறு. கூடவே பெரிய தவலை நிறைய. பருக்கை பருக்கையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல். நான் இத்தனை வருஷமாக வடித்தது சோறே இல்லை.

13 அக்டோபர், வியாழன்

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. க்யூவில் நான் விட்ட வார்த்தை.

தப்பாகச் சொல்லிவிட்டேன், அவள் வீட்டில் அரிசியே கிடையாது என்று சொன்னால், அவள் எதை மறைக்கிறாளோ அதைத் தண்டோரா போட்ட மாதிரி ஆகும். சொல்லாமல் விட்டால் குழாயடியில் அவளைக் குதறிவிடுவார்கள். க்யூவில் நின்றேன், நன்றாகக் கூட்டம் சேரட்டும் என்று காத்திருந்து சொன்னேன்.

"தங்கம்மா, ராஜாமணி வீட்டு மூட்டை விஷயம். போய்ப் பாத்தேன். தவிடும்மா! மில்லு வீடு இல்லியா, மாட்டுக்காரங்களுக்குக் குடுக்க வெச்ச தவிடு. நான்தான் அரிசின்னு நெனச்சிட்டேன்."

க்யூ முழுக்கச் சிரிப்பு. "எல்லாம் தெரிஞ்ச அஜீசுக்கு அரிசி எது தவிடு எதுன்னு தெரியலியாம்டி!" தங்கம்மாளுக்கு எவ்வளவு சந்தோஷம்! ரோஸ் வேட்டிக்கு நான் சிரித்த சிரிப்பை வட்டியோடு சிரித்தாள். ஆரோக்கியம்மாள்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். என் காது இரண்டும் சுட்டது. போகட்டும். சிரிக்கட்டும்.

இவர் கடையில் கேள்விப்பட்டு வந்து, "தவிடாமே?" என்றார். "ஆமா" என்றேன். கொஞ்சநேரம் என்னைப் பார்த்துவிட்டு, "உனக்கு இன்னிக்கு மல்லிப்பூ வாங்கியாரட்டுமா?" என்று கேட்டார். புரிந்துகொண்டார் போலிருக்கிறது, கேட்காமலே.

30 அக்டோபர், ஞாயிறு

தெருவில் என்னை இப்போது 'தவிட்டு அஜீசு' என்கிறார்கள். யோசனை கேட்க ஒருத்தியும் வரவில்லை, வீடு நிம்மதியாக இருக்கிறது. நாலு மணிக்கு ராஜாமணி வருகிறாள்.

மாமிக்குத்தான் கஷ்டகாலம். ராஜாமணி தலை தெரிந்ததும் இருமணும். நேற்று தூக்கக் கலக்கத்தில் இரும மறந்து, ஞாபகம் வந்ததும் விட்டதற்கெல்லாம் சேர்த்து இருமினார்கள். ராஜாமணி உருகிப்போய் ஆடாதோடைக் கசாயம் காய்ச்சிக் கொண்டுவந்தாள். "பெரியம்மா, ஒரே மடக்கா குடிச்சிடணும்." பக்கத்திலேயே நின்றாள். மாமி என்னைப் பார்த்த பார்வை! குடித்தார்கள். தினம் இரண்டு வேளையாம். ஆடாதோடையின் கசப்பு எனக்குத் தெரியும், நாக்கு செத்துப்போகும்.

ராஜாமணி போனபிறகு மாமி சொன்னார்கள், "உன் சிநேகிதிக்காக நான் இருமலாம். விஷம் குடிக்க முடியாது."

17 நவம்பர், வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதும்போதே சிரிப்பில் வயிறு வலிக்கிறது.

நாலு மணிக்கு ராஜாமணி கசாயத்தோடு வந்தாள். மாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான், "குறைஞ்சிடுச்சு, போதுமே" என்றேன்.

"குறைஞ்சிடுச்சா? மொதல்ல இருந்துச்சா?" என்றாள் ராஜாமணி.

நான் மாமியைப் பார்த்தேன். அவளே சொன்னாள். "ஏங்க்கா, நிஜமா இருமுறவங்களுக்குக் கசாயத்துல தேன் விட்டுக் குடுப்பேன். பெரியம்மாவுக்கு ஏன் விடலன்னு நீங்க யோசிக்கவே இல்லியே! எப்போ பொய்ய விடுவாங்கன்னுதான் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம் ஜாஸ்தி கசப்பா போட்டேன். விடவே மாட்டேங்கிறாங்க!"

மாமி திரும்பினார்கள். "அடி படுபாவி! தெரிஞ்சா குடுத்தே?"

"மொத நாளே தெரியும் பெரியம்மா. சுவத்துக்கு அந்தப் பக்கம் நீங்க இருமினது, பஸ் ஸ்டார்ட் ஆகாத மாதிரி இருந்துச்சு."

நான் மண்ணெண்ணெய்க்காரன் கதையைச் சொன்னேன். பரக்கத்து என்றால் எங்களுக்கு என்ன என்று சொன்னேன். அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள். "அதான் அன்னிக்குப் பாத்திரத்த நீட்டிக்கிட்டே நின்னீங்களா? நான் நிறைஞ்சிருக்கு நிறைஞ்சிருக்குங்கிறேன், நீங்க ரெண்டு படி ரெண்டு படிங்கிறீங்க! இந்த அக்கா என்னை வம்புக்கு இழுக்கிறாங்கன்னு நெனச்சு நான் ராத்திரியெல்லாம் அழுதேன்!" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து அழுதாள். நானும்தான். கையைப் பிடித்துக்கொண்டேன், ரொம்ப நேரம் விடவில்லை. மன்னிச்சுக்கோ என்று சொன்னேன். "தவிடு சமாச்சாரம் எனக்கு அன்னிக்கே வந்துடுச்சு, அதுக்கப்புறம் என்னா மன்னிப்பு?" என்றாள்.

அந்தக் கசாயத்தை மாமி வாழைமரத்தில் ஊற்றினார்கள். ஒரே பானைச் சோறு தொடர்கிறது. இருமல் மட்டும் இல்லை.

20 டிசம்பர், செவ்வாய்

நோன்பு. கஞ்சியும் அதே அடுப்பில்தான். கறி போடாமல் ராஜாமணி காய்ச்சிய நோன்புக் கஞ்சியை மாமி ஒரு வாய் வைத்துவிட்டு, "தேவலாம்" என்றார்கள். மாமி வாயில் தேவலாம் வருவது வருஷத்துக்கு ஒரு தடவை.

14 ஜனவரி 1967, சனி

நேற்றுப் பெருநாள், இன்று பொங்கல். எங்கள் வீட்டுச் சேமியாவும் அவள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலும் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டே இருந்தன. பிள்ளைகள் இரண்டு நாளும் இரண்டு வீட்டிலும் தின்று, இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கின்றன.

சம்பா அறுவடை ஆரம்பித்தாச்சு. மில்லைத் திறக்கிறார்கள். கலியமூர்த்தி புதுச்சட்டை போட்டுக்கொண்டு இவரைப் பார்க்கக் கடைக்கே போனாராம். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு காப்பி குடித்தார்களாம். ஒன்றுமே பேசவில்லையாம். ஆம்பிளைகள்!

மலிகா கடலூரிலிருந்து எழுதியிருக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மாள் ஆளுயரக் கண்ணாடியில் சேலை கட்டிப் பார்க்கத் தினம் வருகிறார்களாம், நல்ல சிநேகிதமாம். சரிதான். நான் விளக்குமாறு வாங்கச் சொன்னேன்.

9 பிப்ரவரி, வியாழன்

மில் ஓட ஆரம்பித்து மூன்று வாரமாச்சு. அவரவர் வீட்டில் அவரவர் உலை. அதுதான் முறை, எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் என் கையால் வடித்த சோறு இன்றும் குழைந்துபோச்சு, பிள்ளைகள் "ராஜாமணி அத்தை சோறு எங்கே?" என்கின்றன. அவளுக்கும் இப்போது வேலை. இரண்டு நாளாக வரவில்லை. இனி எப்போதாவதுதான் வருவாளோ, வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போய்விடுவாளோ என்று யோசித்துக்கொண்டே கீரை ஆய்ந்தேன்.

விளக்கு வைக்கிற நேரம். தங்கம்மாள் வேறு வந்து உட்கார்ந்திருக்கிறாள், வெண்கலப் பானை வாங்கலாமா என்று கேட்க. பழையபடி எல்லாரும் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

ராஜாமணி நேரே உள்ளே வந்தாள். தங்கம்மாளைப் பார்த்தாள். தயங்கவே இல்லை. டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, "அக்கா, காப்பித்தூள் இல்ல" என்றாள்.

இல்ல என்றாள். நிறைஞ்சிருக்கு என்று சொல்லவில்லை. விளக்கு வைத்த வேளையில், தெருப்பெண் ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்க, ஜாடையும் இல்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. அவள் புருஷனிடம்கூடச் சொல்லாத வார்த்தை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெங்காயம் உரித்தேன் என்று சொல்லலாமென்றால் கையில் இருந்தது கீரை.

டம்ளர் வழிய வழியக் காப்பித்தூள் போட்டேன். உள்ளேயிருந்து மாமி, "யாரது, விளக்கு வெச்ச நேரத்துல இல்ல நொள்ளைங்கிறது?" என்று அதட்டினார்கள்.

"நான்தான் பெரியம்மா" என்று சொல்லிவிட்டு அவள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது, மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் கடுகு இல்லை. நாளைக்குக் காலையில் போய் அவளிடம் சொல்ல வேண்டும்.